எண்ணெய் மாற்றுவது யார் கையால்?

இட்டார்சி ரெயில்வே காலனியில் ஞாயிற்றுக்கிழமை காலை நேரத்தில் நடந்து சென்றால், ஏதேனும் ஒரு குவார்ட்டர்ஸ் வாயிலில், மோட்டார் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீண்டிருப்பதைக் காணலாம். இரண்டு ஆண்டுகள் நம்முடைய கால்களும் அவ்வாறு நீண்டிருந்தவைதாம். பிறகு ஏன் அவை உள்ளே இழுத்துக் கொள்ளப்பட்டன என்பதை அன்பர்கள் சிலர் கேட்டபடியால் இதை எழுதலாயினோம்.

வெளி மாநிலங்களில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர் இல்லங்களுக்குப் பழைய கார் ஒன்று வந்து சேருவது இப்போது அபூர்வமன்று. நமக்கும் 2021-ஆம் ஆண்டில் ஒரு பழைய ஆல்டோ வண்டி வாய்த்தது. ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் விற்றுச் சென்றார். அவர் மிக ஒழுங்கானவர். ஆயில் ஃபில்டரின் மேல், அதை மாட்டிய தேதியை வெள்ளைச் சாயத்தால் எழுதி வைத்திருந்தார். அந்தத் தேதிதான் பின்னால் நமக்குக் கண்ணைத் திறந்தது.

வண்டி வாங்கிய சில மாதங்களில் ஊரிலிருந்த ஒரு பெரிய பட்டறையில் அதைச் சர்வீசுக்கு விட்டோம். மாலையில் பில் வந்தது. எஞ்சின் ஆயில், புது ஃபில்டர், வாஷர், கூலி என்று ஒவ்வொன்றும் வரிசையாய் அச்சாகியிருந்தது. வீட்டுக்கு வந்து அளவுக் கம்பியை உருவிப் பார்த்தோம். எண்ணெய் மைபோற் கறுத்திருந்தது. டீசல் வண்டியில் புது எண்ணெய் விரைவிற் கறுத்துப் போவதுண்டு. பெட்ரோல் வண்டியிலோ அது சில நூறு கிலோமீட்டர்களாவது தேன் நிறத்தோடு இருக்கும். ஐயம் தோன்றவே, டார்ச் விளக்கை அடித்து ஃபில்டரைப் பார்த்தோம். வெள்ளை எழுத்துத் தேதி நம்மைப் பார்த்துச் சிரித்துக் கொண்டிருந்தது.

மறுநாள் சென்று கேட்டோம். "பாபுஜி, எஞ்சினுக்குள் போனால் எண்ணெய் கறுக்கத்தானே செய்யும்?" என்று கூறிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார் அங்கிருந்தவர். நாம் பத்தாம் வகுப்போடு நின்றவர். நம்முடைய இந்தி, காய்கறி வாங்கவும் ஆபீசில் பைல் நகர்த்தவும் போதும், வழக்காடப் போதாது. பகலெல்லாம் பிறர் கணக்கிலுள்ள பிழையைச் சிவப்பு மையால் சுழிக்கிற கை, கண்ணெதிரே நின்ற பொய்க் கணக்குக்குப் பணம் கொடுத்துவிட்டு வீடு திரும்பியது. போன பணத்தை விட அந்த ஊமைத்தனமே நெடுநாள் உறுத்திற்று. தாய்மொழி வழங்காத ஊரில் வாழும் அன்பர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த வாரமே, இனி நம் கையால் நாமே செய்துகொள்வது என்று முடிவாயிற்று. கிராமத்தில் தந்தையார் தம் சைக்கிளைப் பிறர் கையில் கொடுத்ததே இல்லை. சங்கிலிக்கு எண்ணெய் விடுவது முதல் பஞ்சர் ஒட்டுவது வரை திண்ணையிலேயே நடக்கும். அந்த இரத்தம்தானே நமக்கும்?

வேலை பெரிய வித்தையன்று. எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, எண்ணெய் வெதுவெதுப்பாகி இளகிய பின் நிறுத்த வேண்டும். சமதரையில் வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் இருத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது உயிரோடு விளையாடுவதாகும். ஸ்டாண்டு வாங்க மனமில்லாதவர் இந்த வேலையையே நினைக்க வேண்டாம். பிறகு அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி எண்ணெயைத் தட்டில் வடித்து, புது வாஷரோடு மீண்டும் மாட்ட வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் மரை கெட்டுப் போகும். அதைச் சரி செய்ய ஆகும் செலவில் பல முறை எண்ணெய் மாற்றிவிடலாம். பழைய ஃபில்டரைச் சுழற்றி எடுத்து, புதியதன் ரப்பர் வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்றுக் கையாலேயே திருக வேண்டும். நம் வண்டிக்கு மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே எண்ணெய் பிடிக்கும். ஊற்றிவிட்டு, எஞ்சினை ஓட்டி நிறுத்தி, கம்பியில் இரு குறிகளுக்கும் நடுவே மட்டம் நிற்கிறதா என்று பார்த்தால் தீர்ந்தது.

எண்ணெய் வாங்கும் இடத்தில் கெட்டியான எண்ணெய்தான் பலம் தரும் என்று உபதேசம் செய்வோர் உண்டு. அது பழங்காலத்து எண்ணம். டப்பாவின் மேல் 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால், டபிள்யூ என்பது குளிர் காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. முன்னால் உள்ள எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னால் உள்ள எண், எஞ்சின் சூடேறிய பின் எவ்வளவு கனமாக நிற்கும் என்பதையும் சொல்லும். இப்போதைய எஞ்சின்களின் இடுக்குகள் மிக நுண்ணியவை. கெட்டியான எண்ணெய், குளிர்ந்த காலையில் அவற்றுள் சென்று சேரத் தாமதிக்கும். தேய்மானம் பெரிதும் அந்தத் தாமதத்தில்தான் நேருகிறது. வண்டியோடு வந்த புத்தகம் சொல்லும் எண்ணெயே சரி. கடைக்காரர் சொல்வதன்று.

முதல் முறை எல்லாம் நன்றாகவே முடிந்தது. கூலியில் மிச்சமான ஐந்நூறு ரூபாயில் வீட்டில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கினோம். அடுத்த ஆண்டில் கர்வம் வந்துவிட்டது. வேலை அரை மணியில் முடிந்தது. சற்று நேரம் எஞ்சினை ஓடவிட்டோம். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. மறுநாள் மனைவி, மகள், ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் ஆகியோருடன் பேதுல் நோக்கிப் புறப்பட்டோம். கேஸ்லாவைத் தாண்டிச் சாத்பூரா மலைப் பாதையில் வண்டி ஏறிக்கொண்டிருந்தது. இருபுறமும் தேக்கங்காடு. வண்டிகளும் குறைவு.

"என்னங்க, அந்தச் சிவப்பு விளக்கு எதற்கு எரிகிறது?" என்றாள் மனைவி.

எண்ணெய்க் குடத்தின் படம் போட்ட விளக்கு அது. வண்டியை ஓரங்கட்டி அந்தக் கணமே எஞ்சினை நிறுத்தினோம். இறங்கிப் பார்த்தால், வந்த வழி நெடுகத் தார்ச் சாலையில் கறுப்புக் கோடு. எஞ்சினின் அடிப்பாகம் முழுதும் எண்ணெய் பீறி நனைந்திருந்தது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதைக் கவனியாமல் அதன் மேலேயே புதியதைத் திருகிவிட்டோம். இரட்டை வளையம் வாசலில் நின்றபோது தாங்கிற்று. ஏற்றத்தில் அழுத்தம் மிகுந்ததும் பிதுங்கிவிட்டது.

அந்த விளக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது எண்ணெய் குறைந்ததைச் சொல்லும் விளக்கு என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அன்று, அது அழுத்தம் போய்விட்டதைச் சொல்லும் விளக்கு. எரிந்த பிறகும் 'அடுத்த ஊர் வரை போய்விடலாம்' என்று ஓட்டினால், பேரிங்குகளுக்கும் தண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய எண்ணெய்ப் படலம் அற்றுப்போய், உலோகம் உலோகத்தைத் தின்று எஞ்சின் இறுகிவிடும். 'ஹாட் ஆக்ஸில்' என்ற பெயரைக் கேட்டாலே ரெயில்வேக்காரர்களுக்கு வயிறு கலங்கும். இதுவும் அதன் உடன்பிறப்புத்தான். அன்று மனைவியின் பார்வை விளக்கின் மேல் விழுந்திராவிட்டால் எஞ்சின் போயிருக்கும். மலைப் பாதையில் அது நடு ஓட்டத்தில் இறுகியிருந்தால் வேறு என்னவெல்லாம் போயிருக்கும் என்பதை இன்றும் நினைக்க விரும்பவில்லை.

மோட்டார் சைக்கிளில் சென்ற ஒருவர் சொல்லி அனுப்ப, ஷாப்பூரிலிருந்து ஒரு மிஸ்திரி வந்தார். ஃபில்டரைக் கழற்றி, ஒட்டியிருந்த இரண்டு வளையங்களையும் உரித்து நம் உள்ளங்கையில் வைத்தார். "யார் மாட்டியது, பாபுஜி?" என்று கேட்டார். நாம்தான் என்றோம். "என் கையிலும் ஒருமுறை நடந்திருக்கிறது" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாமியாருக்குத் தம் குப்பியிலிருந்து தண்ணீர் கொடுத்தார். எண்ணெய் வாங்கி வந்து ஊற்றிப் பேதுல் சேரும்போது இருட்டிவிட்டது.

ஏமாற்றியது ஒரு பட்டறை. ஏமாந்தது நம் கை. அப்படியானால் எதை நம்புவது? இந்தக் கேள்விக்கு விடை நம் பணியிடத்திலேயே இருந்தது. டீசல் லோகோ ஷெட்டுகளில் எஞ்சின் எண்ணெயை நிறம் பார்த்து முடிவு செய்வதில்லை. மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதிப்பார்கள். அதில் கலந்துள்ள இரும்பு, செம்பு முதலிய உலோகத் துகள்களின் அளவைக் கொண்டு, உள்ளே எது தேய்கிறது என்பதைக் கண்டுபிடிப்பார்கள். வேலை செய்பவர் ஒருவர்; பார்த்துக் கையெழுத்திடுபவர் மற்றொருவர்; இரண்டுக்கும் ரிஜிஸ்டர் உண்டு. ஒருவரையும் அவநம்பிக்கை கொண்டு அவ்வாறு செய்வதில்லை. கை செய்வதை வேறொரு கண் பார்க்க வேண்டும் என்பதே ஏற்பாடு. அந்தப் பெரிய பட்டறையில் நாம் பார்க்கவில்லை. நம் வாசலில் செய்தபோது, கையும் கண்ணும் நம்முடையனவாகவே இருந்தன.

எனவே இப்போது சந்தையருகே வேப்பமரத்தடியில் சிறிய பட்டறை வைத்திருக்கும் உஸ்தாத் ஒருவரிடம் செல்கிறோம். அவரிடம் நாம் வைத்த நிபந்தனை ஒன்றே: பக்கத்தில் நிற்க விட வேண்டும். "நில்லுங்கள், டார்ச்சும் பிடியுங்கள்" என்றார். எண்ணெயையும் ஃபில்டரையும் நாமே பில்லோடு வாங்கிச் செல்கிறோம். டப்பாவின் முத்திரையை அவர் நம் கண்ணெதிரில் உடைக்கிறார். காலியான டப்பாவில் ஆணியால் துளையிட்டு விடுகிறோம். நல்ல டப்பாவில் போலி எண்ணெய் நிரப்பி விற்போர் நாட்டில் இருக்கிறார்கள். கழற்றிய ஃபில்டரில் வளையம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பவர் நாம். எஞ்சின் முகத்தைத் துணியால் துடைத்துக் காட்டுபவர் அவர். நிற்க விடாத பட்டறைக்கு நாம் வண்டியைக் கொடுப்பதில்லை. மொழி தெரியாத இடத்திலும் கண்ணுக்கு மொழி வேண்டியதில்லை அல்லவா?

புது வண்டி வைத்திருப்போர், வாரண்டி முடியும் வரை கம்பெனிப் பட்டறைக்கே செல்வது தொல்லையற்றது. ஆயினும் வெளியே கை வைத்தால் எல்லா வாரண்டியும் போய்விடும் என்ற பொது மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். இந்தியப் போட்டி ஆணையம் 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பதினான்கு கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தபோது, வெளிப் பட்டறைகளுக்கு உதிரிப் பாகங்கள் கிடைக்காமல் தடுப்பதையும், அங்கே வேலை செய்தால் வாரண்டி இல்லை என்று சொல்வதையும் குறையாகவே எடுத்துக் கூறியது. எப்படியாயினும் பில்களை ஒரு கோப்பில் வைத்திருங்கள்.

இன்னொரு காரணமும் நம்மைப் பட்டறைக்குத் திருப்பியது. வடித்த பழைய எண்ணெயை என்ன செய்வது? நான்கு மாதம் கேன் ஒன்று கட்டிலுக்கு அடியில் இருந்து மனைவியின் வசவுக்கு ஆளாயிற்று. சாக்கடையில் ஊற்றுவது பாவம். கிணற்று நீர் வரை போய்ச் சேரும். கறையான் வராமலிருக்க மூங்கிலுக்கும் வேலிக்கும் பூசும் வழக்கமும் தகாது. வெறுங்கையால் அதை அளைவது தோலுக்குத் தீங்கு, கையுறை அவசியம். அபாயகரமான கழிவுகளைப் பற்றிய 2016-ஆம் ஆண்டு விதிகளில் பழைய எண்ணெயும் அடங்கும். உஸ்தாத்திடம் பீப்பாய் இருக்கிறது. சுத்திகரிப்புக்கு எடுத்துச் செல்பவர் வந்து வாங்கிப் போகிறார்.

நம்மவர் வண்டிகள் பெரும்பாலும் ஸ்டேஷனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடுபவை. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும் எஞ்சின் நன்கு சூடேறுவதில்லை. உள்ளே ஈரம் தங்கி எண்ணெயைக் கெடுக்கும். ஆகவே பத்தாயிரம் கிலோமீட்டர் ஆகவில்லையே என்று காத்திராமல், ஓராண்டு ஆனதும் மாற்ற வேண்டும். ஊருக்குக் காரிலேயே புறப்படுவோர் கிளம்பும் நாள் காலையில் மாற்றாதீர்கள். ஒரு வாரம் முன்னதாக மாற்றி, இங்கேயே கொஞ்சம் ஓட்டிப் பார்த்து, அடியில் குனிந்து பார்த்த பிறகு புறப்படுங்கள்.

மாதம் ஒருமுறை அளவுக் கம்பியைப் பார்ப்பது மட்டும் இன்றும் நம் வீட்டு வேலை. அதை மகள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்து, மட்டத்தைத் தமிழில் நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறாள். சென்ற தை மாதம் 61,240 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றியபோது, உஸ்தாத் அந்த நோட்டை வாங்கிப் புரட்டி, இது என்ன எழுத்து என்று அவளைக் கேட்டுவிட்டு, அடியில் தம் பெயரை இந்தியில் எழுதிக் கொடுத்தார். அடுத்தது 71,240, அல்லது வருகிற தை.