ஈர மண்ணில் வேகும் களை விதைகள்

களைக்கொட்டால் கொத்தியெடுக்கும்போது மண்ணுக்கு மேலே தெரியும் செடி மட்டுமே அகல்கிறது. மேல்மண்ணில் உறங்கிக் கிடக்கும் விதைகள் அடுத்த பாசனத்துக்குக் காத்திருந்து மீண்டும் முளைக்கின்றன. இவ்விதை இருப்பையே மருந்தின்றித் தாக்கும் முறை மண் சூரிய வெப்பமூட்டல் எனப்படுகிறது. அதாவது, நனைத்த மண்ணை ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் மூடி, கோடை வெயிலின் வெப்பத்தைப் பல வாரங்கள் அதனுள்ளேயே தேக்கி வைத்தல்.

வெயில் கடுமையான யோர்தான் பள்ளத்தாக்கில், தாள் மூடிய மண் மிகவும் சூடேறுவதை விவசாயிகளும் வேளாண் விரிவாக்கப் பணியாளர்களும் கவனித்திருந்தனர். அதை முறையான ஆய்வாக வளர்த்து, எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யாக்கோவ் கட்டானும் உடன் ஆய்வாளர்களும் 1976இல் கட்டுரையாக வெளியிட்டனர். அவர்கள் முதலில் குறிவைத்தவை வாடல் நோய்ப் பூஞ்சைகளே. ஆயினும் களைகளும் சேர்ந்து மடிந்தன. அவற்றுள் முக்கியமானது, தமிழக உழவர் புகையிலைக் காளான் என்றழைக்கும் ஒரோபாங்கி வகை ஒட்டுண்ணிக் களை. பயிரின் வேரைப் பற்றி உறிஞ்சும் இச்செடி, மண்ணுக்கு மேல் தலைகாட்டுவதற்குள் பயிருக்கு வேண்டிய கேட்டைச் செய்து முடித்துவிடுவதால், அதன் விதையை மண்ணிலேயே கொல்லும் வழி பெரும் பேறாகும்.

கறுப்புத் தாளே அதிகம் சூடேற்றும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது சரியன்று. கறுப்புத் தாள் வெயிலைத் தானே உறிஞ்சிச் சூடாகி, அதில் பெரும்பகுதியைக் காற்றுக்குத் திருப்பித் தருகிறது; ஒளியை மறைத்து முளைகளை அடக்குவது அதன் பயன். தெளிந்த தாளோ வெயிலை நேரே மண்ணுக்கு விடுகிறது. அதன் அடிப்பக்கத்தில் படியும் நீர்த்துளிகள், மண்ணிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிர்களைத் தடுக்கின்றன. நீரின் பங்கு இதனோடு முடிவதில்லை. ஈரம் வெப்பத்தை ஆழத்துக்குக் கடத்துகிறது. அதைவிட முக்கியமாக, உலர்ந்த விதை தாங்கிக்கொள்ளும் சூட்டை, நீருறிஞ்சி ஊறிய விதை தாங்குவதில்லை. எனவே மூடுவதற்கு முன் மண்ணை நன்கு நனைப்பதே இம்முறையின் உயிர்நாடி.

தமிழகத்தில் இதற்கு ஏற்ற காலம் ஏப்ரல், மே மாதங்கள். பாத்தியின் களைகளையும் கட்டிகளையும் நீக்கிச் சமன்செய்து, நீர் பாய்ச்சி, 25 மைக்ரான் அளவிலான மெல்லிய தாளை மண்ணோடு ஒட்டுமாறு இழுத்து விரித்து, ஓரங்களைச் சுற்றிலும் புதைக்க வேண்டும். நிழல் விழும் இடமும், கிழிந்த தாளும் பயன் தரமாட்டா. நல்ல வெயிலில் 5 செ.மீ. ஆழத்தில் 45 முதல் 55 பாகை செல்சியஸ் வரை சூடேறும்; அது 4 முதல் 6 வாரங்கள் தொடர வேண்டும். மண்புழுக்கள் குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன. வெப்பம் தாங்கும் நன்மைப் பாக்டீரியாக்கள் பல எஞ்சுகின்றன.

கோரைக்கு மட்டும் இம்முறை முழுத் தீர்வாகாது. அதன் கிழங்குகள் ஆழத்தில் கிடப்பதாலும், எஞ்சும் கிழங்கு ஒவ்வொன்றும் மீண்டும் தழைப்பதாலும், முன்கூட்டியே தோண்டிப் பொறுக்குவது தவிர்க்க முடியாதது. அருகம்புல்லின் ஆழத் தண்டுகளுக்கும் இதுவே பொருந்தும். வெப்பம் குறையும் ஆழத்தில் பிற விதைகளும் உயிரோடிருக்கின்றன என்பதால், தாளை எடுத்த பின் பாத்தியை ஆழக் கொத்தாமல், மேல்மண்ணை இலேசாகக் கீறி விதைக்க வேண்டும்.