டூர் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள்

பெங்களூரு மெஜஸ்டிக் பக்கம் பெட்டியோடு இறங்குகிறவர் கைக்கு முதலில் வருவது 'மைசூர் ஒரு நாள் டூர்' நோட்டீஸ்தான். அட்டையில் விளக்கொளியில் மின்னும் அம்பாவிலாஸ் அரண்மனை. உள்ளே ஸ்ரீரங்கப்பட்டணம், திப்புவின் தரியா தௌலத், சாமுண்டி மலை, மிருகக்காட்சிசாலை, அரண்மனை, பிருந்தாவனம். இத்தனையும் ஒரே பகலில்.

போக வர ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அரண்மனைக்குள் பார்வையாளர் நேரம் மாலை 5.30 மணியோடு முடிகிறது. மிருகக்காட்சிசாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அட்டைப்படத்து முழு விளக்கலங்காரம் ஞாயிற்றுக்கிழமை, அரசு விடுமுறை, தசரா நாட்களுக்கு உரியது. செவ்வாயன்று கிளம்பும் வண்டிக்கும் இதே நோட்டீஸைக் காட்டிப் பணம் வாங்கினால், அது தவறான விளம்பரம். பட்டியலில் போட்ட இடத்தைக் காட்டாமல் வண்டியைத் திருப்பினால் சேவைக் குறைபாடு. இரண்டுக்கும் நுகர்வோர் சட்டத்தில் பரிகாரம் இருக்கிறது.

அரண்மனையில் முக்கால் மணி நேரம், பட்டுக்கடையில் ஒன்றரை மணி நேரம் என்று நாள் கழிவதுதான் பலருடைய அனுபவம். வண்டி நிற்கும் கடைக்கும் வண்டியை நிறுத்துபவருக்கும் இடையே கமிஷன் ஓடுவது ஊரறிந்த விஷயம். அந்தக் கடையில் எதையும் வாங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. நோட்டீஸில் இல்லாத கடைக்கு உங்கள் நேரம் போயிருந்தால் அதையும் புகாரில் எழுதலாம். அசல் மைசூர் பட்டு கர்நாடக அரசின் பட்டுத் தொழில் கழகமான கே.எஸ்.ஐ.சி.யின் தயாரிப்பு, அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. "இதுவும் கவர்ன்மென்ட் கடைதான் சார்" என்று சொல்லப்பட்டால், பில்லில் அச்சிட்ட பெயரைப் பாருங்கள். பில்லே தர மறுத்தால் அது முறையற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் சொல்வது ஒன்றே: "ஊருக்கு வந்தாச்சு, இனி யார் பெங்களூருக்கு அலைவது?" ஏமாற்றுபவர்களின் தைரியமும் அதில்தான் இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் அந்தக் கவலைக்கு நியாயம் இருந்தது. எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ, பிரச்சினை நடந்த ஊரிலோதான் வழக்குப் போட வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதை மாற்றிவிட்டது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். சேலத்துக் குடும்பம் சேலத்திலேயே தரலாம். டூர் கம்பெனிதான் அங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும். 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் பாருங்கள். சின்னத் தொகை பல நேரம் அங்கேயே திரும்பிவிடும். சுற்றுலாப் பயணிகளுக்கென்றே மத்திய சுற்றுலா அமைச்சகம் நடத்தும் 1363 எண்ணில் இந்தி, ஆங்கிலத்தோடு பத்து வெளிநாட்டு மொழிகள் இருக்கின்றன, தமிழ் இல்லை. உள்நாட்டுப் பயணிக்கு இது பெரிய குறை. அமைச்சகம் சரிசெய்ய வேண்டும். உயிருக்கு ஆபத்து, பெண்களிடம் அத்துமீறல் என்றால் எதற்கும் காத்திராமல் 112.

எங்கே போனாலும் கேட்பது ஆதாரம். நோட்டீஸ், ரசீது, யுபிஐ பணம் போன விவரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். ரசீது தராவிட்டால், புறப்படும் முன்பே "இத்தனை பேருக்கு இவ்வளவு கொடுத்திருக்கிறோம், இந்த இடங்களைக் காட்டுவதாகச் சொன்னீர்கள்" என்று அவர்கள் எண்ணுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிடுங்கள். பிறகு மறுப்பது கடினம்.

இலங்கையிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் நம் உறவுகளுக்கு ஒரு தகவல். கே.ஆர். மார்க்கெட் அருகே 1791இல் கட்டி முடிந்த திப்புவின் கோடை அரண்மனையும், ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத்தும் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளவை. அங்கே இலங்கைக் குடிமக்களுக்கும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இந்தியர்களுக்கான கட்டணமே. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். பாஸ்போர்ட்டையோ அட்டையையோ காட்டிக் கேளுங்கள். வசந்த நகரில் உள்ள பெங்களூரு அரண்மனை உடையார் குடும்பத்தின் வசம் இருப்பது. அங்கே கட்டணம் அவர்கள் வைத்ததுதான்.

பணம் போனால் மீட்கலாம். வண்டி விஷயத்தில் அப்படி அலட்சியமாக இருக்க முடியாது. ஏறும் முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. மின்சார வண்டியானால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை வண்டி சொந்த உபயோகத்துக்கானது. ஆயிரம் ரூபாய் குறைவாகக் கேட்கிறார் என்று அதில் ஏறி விபத்தில் சிக்கினால், வாடகைக்கு ஓட்டியது நிபந்தனை மீறல் என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடும். இழப்பீடு வருடக்கணக்கில் இழுபடும். 2023 மார்ச்சில் திறந்த பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையில் வேகமும் அதிகம், முதல் ஆண்டிலேயே உயிர்கள் பல போயின. ஓட்டுநர் தூக்கக் கலக்கத்தில் இருந்தால் வண்டியை நிறுத்தச் சொல்ல எந்தப் பயணியும் தயங்க வேண்டாம்.

விபத்து நேர்ந்துவிட்டால், 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் ஏழு நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்கான சிகிச்சை பணம் கட்டாமலே கிடைக்கும். காவல் நிலையத்தில் பதிவு செய்த எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடச் சட்டம் தரும் கெடு விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். அந்த மனுவையும் சொந்த ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.