பல்கலைக்கழக உடற்கல்வியில் சிலம்பம்: பயனும் தேவையும்

மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களில் புறப்பாட வகுப்புகளும் பட்டப்படிப்பின் ஒரு பகுதியாகக் கணக்கிடப்படுகின்றன. அவ்வகுப்புகளில் தற்காப்புக் கலைகளை, குறிப்பாகச் சிலம்பத்தை, முறையாகக் கற்பிப்பதால் விளையும் பயன்களை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சிலம்பம் தமிழ்த் தொழிலாளர்களோடு மலாயாவிற்கு வந்த கலையாகும். 1896ஆம் ஆண்டு மலாக்கா, புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அதனைத் தொடர்ந்து அம்மாநிலத்தில் தோட்டங்கள் பெருகின. தமிழர் குடியிருப்புகளும் தோன்றின. பால்மரத் தொழில் முடிந்த மாலை வேளைகளில் ஆசான்கள் கம்பு சுழற்றக் கற்பித்தனர். கோயில் திருவிழாக்களில் அக்கலை அரங்கேறியது. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபோது இக்கற்றற் களம் சுருங்கியது. கோலா சுங்கை பாரு போன்ற வட்டாரங்களிலிருந்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவருக்குப் பாட்டனார் பயின்ற கலை பெயரளவிலேயே தெரிந்திருக்கக்கூடும். அவர்களுக்குப் பல்கலைக்கழக வகுப்பு மாற்றுக் களமாக அமையலாம்.

முதலாவது, உடல்நலப் பயன். வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. சிலம்பத்தில் காலடி மாற்றமும் கம்பு வீச்சும் ஒருங்கே நிகழ்கின்றன. ஆதலால் தோள், மணிக்கட்டு, கால் ஆகியவற்றோடு இரு கைகளின் ஒத்திசைவும் வளர்கிறது.

இரண்டாவது, தன்னடக்கம். போட்டியில் எதிராளியின் உடலைக் கம்பால் தொடுவதே புள்ளி பெற்றுத் தரும். ஓங்கி அடிக்கும் வலிமையினும் வீச்சை அளவறிந்து நிறுத்தும் திறனே இங்குப் போற்றப்படுகிறது.

மூன்றாவது, மொழிப் பயன். காலடி, வீச்சு, தடுப்பு, குத்துவரிசை முதலிய கலைச்சொற்களை மாணவர் செயல்வழி அறிகின்றனர். ஆசான்களின் வழக்குச் சொற்களைத் தொகுப்பதனைத் தமிழ் மாணவருக்கான ஆய்வுப் பணியாகவும் அமைக்கலாம்.

எனினும் பாதுகாப்பின்றிப் பயனில்லை. ஜப்பான் 2012இல் நடுநிலைப் பள்ளி உடற்கல்வியில் மரபுத் தற்காப்புக் கலைகளைக் கட்டாயமாக்கியபோது, ஜூடோவினால் ஏற்படும் காயங்கள் குறித்துக் கவலை எழுந்தது. ஆகவே, தனிப்பயிற்சியில் தேர்ந்த பின்னரே மாணவரை இணையாக ஆடவிடுதல் வேண்டும்; போதிய இடைவெளியும் தலைக்கவசமும் இன்றியமையாதவை. மதிப்பீடும் வெற்றி தோல்வியைச் சாராமல் காலடி, கட்டுப்பாடு, விளக்கும் திறன் ஆகியவற்றைச் சார்ந்திருத்தல் நன்று.

மலேசியாவின் சீலாட் 2019இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. சிலம்பமும் நிலைபெற வேண்டுமாயின் ஆசானின் பட்டறிவும் உடற்கல்வியாளரின் பயிற்சிமுறையும் ஒரே வகுப்பில் இணைதல் வேண்டும். பட்டம் பெறாத ஆசானையும் பயிற்றுநராக ஏற்கும் நெறிமுறையை வகுப்பதே அதற்குரிய முதற்பணியாகும்.