காற்றுக்கு ஒரு வழி

அந்திப் பொழுதானால் வீறிட்டு அழத் தொடங்கி, முகம் சிவந்து, முஷ்டியை இறுக்கி, முழங்கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, எடுத்தாலும் அடங்காமல் கிடத்தினாலும் அடங்காமல் இரவுவரை ஓயாத கைக்குழந்தை ஒன்று வீட்டில் இருந்துவிட்டால், அந்த வீட்டில் யோசனைகளுக்குப் பஞ்சமிராது. உரம் விழுந்திருக்கும், எடுத்துவிட வேண்டும் என்பார் பாட்டி. எல்லாம் வாயு, வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவு என்பார் அத்தை. எதிர்வீட்டார் கிரைப் வாட்டரைச் சிபாரிசு செய்வார். (வசம்பு விஷயத்தில் இக்கால வைத்தியர்களுக்குச் சம்மதமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.) இளந்தகப்பனோ கைப்பேசியைத் துழாவி, ‘கோலிக்கைக் குறைக்கும்’ என்று பெட்டியின்மேல் எழுதிய பால்புட்டி ஒன்றைத் தருவித்துவிடுகிறான். அந்தப் புட்டியின் யோக்கியதை என்ன என்பதே இங்கு விசாரணை.

இவ்வகை அழுகைக்கு ஓர் இலக்கணம் உண்டு. அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரத்துக் குழந்தை வைத்தியரான மாரிஸ் வெஸ்ஸலும் அவருடைய சகாக்களும் 1954-ல் வெளியிட்ட கட்டுரையில், நன்றாகப் பாலுண்டு வளர்ந்துவருகிற ஆரோக்கியமான சிசு, நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேலாகவும், வாரத்துக்கு 3 நாளுக்கு மேலாகவும், 3 வாரத்துக்கு மேல் தொடர்ந்தும் அழுமானால் அதுவே கோலிக் என்று வகுத்தார்கள். அது பிறந்த சில வாரங்களில் ஆரம்பித்து, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சம் அடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தானாகவே ஓய்ந்துபோகிறது. அதன் காரணத்தை ஐயந்திரிபற நிரூபித்தவர் எவரும் இல்லை. தாய்ப்பால் மட்டுமே உண்ணும் குழந்தைக்கும் அது வருகிறது, புட்டிப்பால் உண்ணும் குழந்தைக்கும் வருகிறது. ஆகையால் புட்டிதான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லவும் இடமில்லை, புட்டியை மாற்றினால் அழுகை நிற்கும் என்று உத்தரவாதம் கொடுக்கவும் இடமில்லை. எட்டாவது வாரத்தில் வாங்கிய புட்டிக்குப் பன்னிரண்டாவது வாரத்தில் தானே வந்த அமைதியின் புகழ் முழுவதும் போய்ச் சேர்கிறது. தெருவில் நாலு வீட்டுக்கு அது சிபாரிசாவதும் அப்படித்தான். ஆனால் அழுகையோடு காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், பாலை மறுத்தல், எடை ஏறாமை இவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்திருந்தால், புட்டிக்கடையை மறந்து வைத்தியரிடம் ஓட வேண்டும்.

இருந்தபோதிலும், புட்டிக்கும் வயிற்றுக் காற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்று தள்ளிவிடுவதற்கில்லை. தாயின் மார்பில் பால் குறையக் குறைய அவ்விடத்தை நிரப்பக் காற்று தேவைப்படுவதில்லை. புட்டியோ விறைத்த பாத்திரம். குழந்தை உறிஞ்சும் ஒவ்வொரு வாய்க்கும் உள்ளே அந்த அளவு வெற்றிடம் உண்டாகிறது. வெளிக்காற்று புக வழியில்லாவிட்டால் நிப்பிள் சப்பையாகி ஒட்டிக்கொள்ள, பால் நின்றுபோக, குழந்தை மேலும் வலித்து உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சலித்து வாயை எடுக்கிறது. எடுத்த அக்கணமே காற்று பாலின் ஊடே களகளவென்று குமிழியிட்டு ஏறுகிறது. பசி பொறுக்காத குழந்தை, பிறகு அந்த நுரையையும் அவசரத்தில் விழுங்கும் காற்றையும் பாலோடு சேர்த்தே உட்கொள்கிறது.

இதற்குப் பரிகாரம் தேடிய சரித்திரம் விசித்திரமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில், கண்ணாடிக் குடுவை ஒன்றின் வாயிலிருந்து நீண்ட ரப்பர் குழாய் புறப்பட்டு, அதன் நுனியில் காம்பு பொருத்திய புட்டி வீட்டுக்கு வீடு வழங்கிற்று. குடுவையைப் பக்கத்தில் வைத்துக் காம்பைக் குழந்தையின் வாயில் கொடுத்துவிட்டால் தாய் தன் வேலையைப் பார்க்கலாம். செல்லப் பெயர்களையும் இளவரசிகளின் பெயர்களையும் சூட்டி அவற்றை விற்றார்கள். ஆனால் குழாயின் உட்புறத்தை எந்தப் பிரஷும் எட்டவில்லை. புளித்த பாலின் எச்சத்தில் கிருமிகள் பெருகி, அதைக் குடித்த சிசுக்கள் வயிற்றுப்போக்கால் மாண்டன. ‘கொலைப் புட்டி’ என்ற பெயரே அதற்கு நிலைத்தது. அக்காலத்துக் குடும்பங்கள் வேதம்போல் மதித்த பீட்டன் அம்மையாரின் 1861-ஆம் ஆண்டு இல்லப் பராமரிப்பு நூலோ, ஒருமுறை பொருத்திய காம்பைப் புதிது மாற்றும்வரை கழற்றவே வேண்டியதில்லை, அது இரண்டு வாரமும் அதற்கு மேலும் தாங்கும் என்று போதித்துக்கொண்டிருந்தது! பிரான்ஸ் தேசம் 1910-ல் சட்டம் இயற்றிக் குழாய்ப் புட்டிகளின் விற்பனையையே தடைசெய்தது.

இதற்கிடையில், 1890-களில், இரு முனையும் திறந்த தோணி வடிவக் கண்ணாடிப் புட்டி தோன்றியது. அதைச் சீர்திருத்தி லண்டன் ஆலன் அண்ட் ஹான்பரீஸ் கம்பெனியார் 1900-ல் வெளியிட்ட ‘ஆலன்பரீஸ்’ புட்டி 1950-கள்வரை விற்பனையில் இருந்தது. ஒரு முனையில் காம்பு. மறு முனையில் சிறு ரப்பர் வால்வு. பால் குறையக் குறைய வால்வின் வழியே காற்று வந்து பாலுக்குப் பின்னால் நின்றுகொள்ளும். இரண்டு ரப்பர்களையும் கழற்றிக் குழாயடியில் பிடித்தால், ஒரு முனையில் புகுந்த நீர் மறு முனையில் வெளியேறும்; அழுக்கு ஒளிந்துகொள்ள மூலைமுடுக்கே கிடையாது. காற்றுக்கு ஒரு வழி, கழுவுவதற்கு ஒரு வழி என்ற இரண்டையும் ஒரே உபாயத்தால் சாதித்த அந்தப் புட்டிக்கு நிகராக, அதற்குப் பின் வந்தவற்றில் ஒன்றையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்று கடையில் கிடைப்பவற்றில், நிப்பிளின் அடிவிளிம்பிலேயே ஊசிமுனைத் துவாரம் வைத்தவை உண்டு; அடிப்பாகம் கழலக்கூடியதாய், அங்கே துளைகளும் சிலிக்கான் தகடும் அமைந்தவை உண்டு; நடுவில் குழல் ஒன்றை இறக்கி, கழுத்துப் புறமாக நுழையும் காற்றைப் பாலில் கலக்கவிடாமல், புட்டியைக் கவிழ்க்கும்போது மேலே வரும் அடிப்பாகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பவையும் உண்டு. எல்லாவற்றிலும் தத்துவம் பழைய வால்வின் தத்துவமே. குழல் வைத்தவை சொன்ன காரியத்தைச் செம்மையாகவே செய்கின்றன. ஆனால் ஒழித்துக்கட்டிய குழாய் வேறு உருவத்தில் திரும்பி வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். புட்டி, வளையம், நிப்பிள், குழல், குழலின் தலையில் செருகும் உறுப்பு, மூடி என்று அத்தனையையும் ஒவ்வொரு வேளையும் பிரித்துக் கழுவியாக வேண்டும். குழலுக்கென்று விளக்குத்திரி கனத்தில் ஒரு பிரஷ் கூடவே வருகிறது. நள்ளிரவு இரண்டு மணிக்கு அடுக்களைக் குழாயடியில் நின்றுகொண்டு, பார்வைக்குச் சுத்தமாகத் தோன்றிய குழலுக்குள் அதை விட்டு இழுத்தால், வெண்ணெய்ப் பிசுக்குப்போல் பாலின் கொழுப்பு நுனியில் திரண்டு வருவதைப் பார்க்கலாம். அதைத் தவறாமல் செய்ய ஆளும் பொறுமையும் உள்ள வீட்டுக்கு அந்தப் புட்டி தகும். இல்லாத வீட்டுக்கு, கை நுழையும் அகன்ற வாயும், குறைந்த உறுப்புகளும், நேரான உட்புறமும் உடைய சாதாரணப் புட்டியே க்ஷேமம். வளையத்தை மட்டும் முரட்டுத்தனமாக இறுக்கித் திருகக் கூடாது. இறுக்கினால் காற்றுத் துவாரம் அடைபட்டு, விலை கொடுத்து வாங்கிய விசேஷம் அத்தனையும் வீணாகிவிடும்.

புட்டியைவிட முக்கியமானது நிப்பிளின் துவாரம். பாலோடு புட்டியைக் கவிழ்த்துப் பிடித்தால், விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் விழுவது பச்சைக்குழந்தைக்குப் போதுமானது. தாரையாகக் கொட்டினால் குழந்தை திணறிக் காற்றோடு விழுங்கும், சொட்டவே சொட்டாவிட்டால் வெறுங்காற்றை உறிஞ்சும். பால் சரியாக வரவில்லையென்று ஊசியைச் சுட்டுத் துவாரத்தைப் பெரிதாக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது விபரீதத்தில் முடியும். குழந்தையை மல்லாத்திக் கிடத்தாமல் மடியில் தலை உயர்த்திச் சாய்த்து, நிப்பிளில் எப்போதும் பால் நிறைந்திருக்கும் அளவுக்கு மட்டும் புட்டியைச் சரித்து, நடுநடுவே நிறுத்தித் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்வதற்குக் காசு செலவில்லை. எந்த வால்வும் அதற்கு ஈடாகாது. தலையணையில் புட்டியை முட்டுக்கொடுத்துவிட்டுப் போவது மட்டும் ஒருபோதும் ஆகாது.

புட்டி எதனால் செய்யப்பட்டது என்பதும் விசாரிக்கத்தக்கதே. கண்ணாடிபோல் பளபளத்த பாலிகார்பனேட் புட்டிகளிலிருந்து பிஸ்பீனால்-ஏ என்ற ரசாயனம் கசிகிறது என்ற அச்சத்தால், கனடா 2010-லும், ஐரோப்பிய ஒன்றியம் 2011-லும், அமெரிக்கா 2012-லும் அதைப் பால்புட்டிக்கு விலக்கின; நம் நாட்டின் தரவிதியும் 2015-ல் விலக்கிற்று. அதற்குப் பதிலாக வந்த பாலிப்ரொப்பிலீனும் முற்றும் நிரபராதி அன்று. டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த 95 டிகிரி நீரை அதில் ஊற்றிக் குலுக்கினால், லிட்டருக்கு ஐந்தரைக் கோடிவரை நுண்பிளாஸ்டிக் துகள்கள் உதிர்வதைக் கண்டார்கள். 25 டிகிரியில் அது ஆறு லட்சமாகக் குறைந்தது. அதனால் குழந்தைக்கு இன்ன தீங்கு என்று அவர்கள் நிரூபிக்கவில்லை. பால்பவுடரையோ, கிருமி சாகும்படி 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கலக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி. இந்தத் தர்மசங்கடத்துக்கு வழி எளிதானது: சுத்தமான எவர்சில்வர் செம்பில் பாலைக் கலந்து ஆறவைத்து, பிறகு புட்டியில் ஊற்றுவது. குலுக்காததால் நுரையும் எழாது. ஆக, வயிற்றுக்கும் நல்லது. கண்ணாடிப் புட்டிக்கு இந்தக் கவலையே இல்லை. கை நழுவினால் உடையும் என்ற கவலை மட்டும் உண்டு. எவர்சில்வர் புட்டி உடையாது. ஆனால் உள்ளே பிசுக்கு நிற்பதை வெளியிலிருந்து காட்டிக்கொடுக்கவும் செய்யாது.

1992-ஆம் ஆண்டு மத்திய சட்டம் பால்புட்டிக்கு விளம்பரமே கூடாது என்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரையின்றி அதை விற்கவும் தடை விதிக்கிறது. தாய்ப்பாலுக்குக் குந்தகம் வரக்கூடாதென்பதே சட்டத்தின் தாத்பரியம். புட்டியே வேண்டாம் என்பவர்களுக்கு மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடை இருக்கிறது. எடை குறைந்து பிறந்த, மார்பில் உறிஞ்சத் திராணியற்ற சிசுக்களுக்குக் கறந்த தாய்ப்பாலைக் கிண்ணத்தாலோ கரண்டியாலோ பாலாடையாலோ புகட்டலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டியில் அது பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. குழலும் இல்லை, துவாரமும் இல்லை, விரல் எட்டாத இடம் என்று ஒன்றும் இல்லை. சொட்டுச் சொட்டாகப் புகட்டப் பொறுமையும் பழகிய கையும் மட்டும் வேண்டும், அவசரப்பட்டால் புரையேறும்.

புட்டி யாருக்கு அவசியமாகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். சட்டப்படி 26 வாரப் பேறுகால விடுப்புப் பெறும் உத்தியோகஸ்தப் பெண், வேலைக்குத் திரும்பும்போது இந்த அழுகைப் பருவமே கடந்துபோயிருக்கும். காற்றுத் துவாரத்தைப்பற்றி அவர் ஆராய வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். சம்பள விடுப்பு என்பதையே அறியாத சித்தாளுக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும்தான், அழுகை உச்சத்தில் இருக்கும் ஆறாவது ஏழாவது வாரத்திலேயே குழந்தையைப் பிறர் கையில் விட்டுப் போக நேரிடுகிறது. கடையில் அடுக்கியிருக்கும் ஆறு உறுப்புப் புட்டியோ, கழுவுவதற்கு நேரமுள்ள வீட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டிருக்கிறது.