வேரிசையும் பொது வானொலி மேடையும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

1925 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28 ஆம் நாள் இரவு, ஐக்கிய அமெரிக்காவின் ரெனசி மாநிலத் தலைநகராகிய நாஷ்வில்லில், இரு மாதங்கள்கூட நிரம்பாத ஒரு வானொலி நிலையத்தின் ஒலிவாங்கி முன்னே 77 வயது முதியவர் ஒருவர் பிடிலுடன் அமர்ந்தார். ஜிம்மி தொம்சன் என்பது அவர் பெயர். அவருடைய உறவினரான பெண்ணொருவர் பியானோ வாசிக்க, ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவர் தாம் அறிந்த நடன மெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார். நிகழ்ச்சியை நடத்திய ஜோர்ஜ் ஹே, இனி நிறுத்தலாமே என்று கருதியபோது, ஒரு மணி நேரம் தமக்குப் போதாது என முதியவர் குறைப்பட்டுக்கொண்டார் எனச் சொல்லப்படுகின்றது. கேட்டோரிடமிருந்து தந்திகள் வந்து குவிந்தன. எழுத்தறிவாளர் நெடுங்காலம் பொருட்படுத்தாதிருந்த ஓர் இசைமரபு, காற்றலையில் ஏறியதும் தன் கேட்போரைத் தானே கண்டுகொண்டது.

இவ்விசையே இன்று அந்நாட்டில் 'வேரிசை' எனப் பொருள்படும் பெயரால் வழங்கப்பெறுகின்றது. அப்பலேச்சிய மலைநாட்டுக் கதைப்பாடல்கள், கறுப்பின மக்களின் புளூஸ், தேவாலயப் பாடல்கள், லூயிசியானாவின் பிரெஞ்சு மொழி வழி வந்த கேஜன் இசை, இவற்றினின்று கிளைத்த நாட்டுப்புற இசை ஆகிய யாவும் அதனுள் அடங்கும். நாம் நாட்டார் இசை எனக் குறிப்பதனோடு இது பெரிதும் ஒத்ததாயினும் முற்றும் ஒன்றன்று. நாட்டார் இசை என்னும்போது ஆக்கியோன் பெயர் அறியப்படாத ஆக்கங்களே நம் நினைவில் முந்துகின்றன. வேரிசை என்பதோ அம்மரபிலிருந்து முளைத்து, பெயர் தெரிந்த கலைஞர் இன்றும் புதிதாக இயற்றிப் பாடுவனவற்றையும் உள்ளடக்குகின்றது. இவ்விசை வானொலி மேடையில் நேரடியாக நிகழ்த்தப்பட்ட வரலாற்றினூடாக ஒரு வினாவை எழுப்புவதே எமது நோக்கம். மேடைக்கு யார் பணம் தருகின்றாரோ, அவரே எது 'வேர்' என்பதையும் தீர்மானிக்கின்றாரா என்பதே அவ்வினாவாகும்.

1. வணிகர் அமைத்த மேடை

அதே 1925 ஆம் ஆண்டின் டிசம்பரிற் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியபோது, அது அரசாங்கத் தந்தித் திணைக்களத்தின் முயற்சியாகவே அமைந்தது. ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு வானொலி பெரும்பாலும் தனியார் கையிலேயே வளர்ந்தது. நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தை நிறுவியது ஒரு காப்புறுதி நிறுவனம். அம்மூன்றெழுத்தும் 'மில்லியன் கணக்கானோரைக் காக்கின்றோம்' என்னும் அதன் விளம்பர வாசகத்தின் முதலெழுத்துகளாம். சனிக்கிழமை இரவு பிடில் இசை கேட்கும் குடும்பத்தின் கதவை மறுநாள் தட்டும் காப்புறுதி முகவருக்கு அவ்விசை நல்லதோர் அறிமுகமாயிற்று. மா வணிகரும் இவ்வாறே இசையை நாடினர். 1930களில் ரெக்சாசில் ஓர் இசைக்குழு மா ஆலையொன்றின் மாவின் பெயரையே தன் பெயராகத் தாங்கி வானொலியிற் பாடியமை இதற்குச் சான்றாகும்.

இவ்வணிகர் ஆதரவினை எளிதிற் பழித்தல் நேர்மையாகாது. அவ்வாதரவு இல்லையாயின் அம்மலைநாட்டுப் பாடகர் பலரின் குரல் அவர்தம் பள்ளத்தாக்குகளைத் தாண்டியிராது. 1932 இல் டபிள்யூ.எஸ்.எம். 50,000 உவாற்று வலுப் பெற்றதும், இரவு வேளைகளில் பல மாநிலங்களிலுள்ளோர் அதனைக் கேட்கக்கூடியதாயிற்று. எனினும் அதற்கு விலையும் இருந்தது. இருவர் வரலாற்றால் அதனை விளக்கலாம்.

ஒருவர் ஹம்பிறி பேற். இவர் பல்கலைக்கழகத்திற் பயின்ற மருத்துவர். தமது இசைக்குழுவுடன் நாகரிகமான மேலங்கி அணிந்தே வாசிக்க வந்தவர். ஹே அக்குழுவுக்கு வேட்டையாடுவோரைக் குறிக்கும் பட்டிக்காட்டுப் பெயரொன்றைச் சூட்டினார். ஏனைய குழுக்களும் அவ்வகைப் பெயர்களையே பெற்றன. உழவர் உடை தரித்துச் சோளக்கொல்லையில் நிற்கும் புகைப்படங்களும் எடுக்கப்பெற்றன. கேட்போர் விரும்பும் கிராமத்தான் ஒருவனை வணிகம் வேண்டிநின்றது. உண்மையான கிராமத்து மனிதர் அவ்வேடத்தைப் புனைய நேர்ந்தது.

மற்றவர் டீபோட் பெய்லி. கறுப்பினத்தவராகிய இவர் ஹார்மோனிக்காவில் புகையிரதத்தின் ஓட்டத்தையும் ஊதலையும் எழுப்புவதில் வல்லவர். 1927 டிசம்பர் 10 ஆம் நாள், செவ்விசை நிகழ்ச்சியொன்று முடிவுற்றதை அடுத்து பெய்லி தமது புகையிரத இசையை வாசித்த வேளையிலேதான், ஹே இந்நிகழ்ச்சிக்கு 'கிராண்ட் ஓல் ஒப்ரி' என்னும் பெயரைச் சூட்டினார். இன்றுவரை நிலைத்துள்ள அப்பெயர் பிறந்தபோது ஒலித்தது அக்கறுப்பினக் கலைஞரின் மூச்சேயாகும். ஆயினும் 1941 இல் அவர் நிகழ்ச்சியினின்று நீக்கப்பட்டார். இசை உரிமம் தொடர்பாக வானொலி நிலையங்களுக்கும் ஆக்கியோர் சங்கத்துக்கும் அவ்வாண்டில் மூண்ட பிணக்கினால், மக்கள் அவரிடம் விரும்பிக் கேட்ட மெட்டுகளை அவர் வாசிக்க முடியாது போயிற்று. பின்னர் அவரே வேண்டாதவரானார். அதன்பின் காலணிகளுக்கு மெருகிடும் கடையினால் அவர் வாழ்க்கை நடத்தினார். 1982 இல் அவர் காலமானார். நாட்டுப்புற இசைப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது 2005 இலேயே. வேர்களுள் ஒன்றை வெட்டிவிட்டு மரத்தை மட்டும் காட்டிய செயலாக இதனைக் கொள்வதில் தவறில்லை.

2. நேரடி நிகழ்த்துகையின் இயல்பு

இசைத்தட்டு பெருகிய பின்னரும் இந்நிகழ்ச்சிகள் அவையோர் முன்னிலையில் நேரடியாகவே நிகழ்ந்தன. இதன் பயனை மூன்று நிலைகளில் நோக்கலாம்.

முதலாவது காலம். ஆடுவோர் களைக்கும்வரை நீளும் நடன மெட்டும், பல கண்ணிகள் கொண்ட கதைப்பாடலும் வானொலியிற் சில நிமிடங்களுக்குள் அடங்கவேண்டியனவாயின. இதனாற் கண்ணிகள் உதிர்ந்தன. அதே வேளை, இசைக்கருவிகளின் திறம் சுருங்கிய நேரத்தினுட் செறிந்து வெளிப்பட்டது.

இரண்டாவது ஒலிவாங்கி. தனியொரு ஒலிவாங்கியைச் சூழ ஐவர் நிற்கும்போது, தன் முறை வந்தவர் முன்னே வருவதும், முடித்தவர் விலகுவதும் இன்றியமையாதனவாயின. புளூகிறாஸ் எனப்படும் இசைவகையில் இவ்வசைவே ஓர் ஆட்டம்போல் ஒழுங்குபட்டது. ஒலியின் சமநிலையைப் பொறியாளர் பின்னர் திருத்துவதன்று. கலைஞர் தம் உடலாலேயே அதனை அமைத்துக்கொள்வதாகும்.

மூன்றாவது அவை. 1945 டிசம்பரில் ஏள் ஸ்கிறக்ஸ் என்னும் இளைஞர் பில் மன்றோவின் குழுவிற் சேர்ந்து, மூன்று விரல்களால் பாஞ்சோவை மீட்டும் முறையை நாஷ்வில்லின் றைமன் மண்டப மேடையிற் காட்டியபோது அவையோர் ஆரவாரித்தனர். அவ்வாரவாரமும் வானொலியிற் கலந்து தொலைவிலிருந்தோரை எட்டியது. வீட்டிலிருந்து தனித்துக் கேட்பவன் தானும் ஒரு கூட்டத்தின் உறுப்பினன் என உணர்வதற்கு இதுவே வழிசெய்தது. ஆவணக் காப்பகத்தில் உறங்கும் ஒலிநாடா பாடலைக் காக்கலாம்; பாடுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையிலுள்ள உறவை அது காப்பதில்லை.

3. பொது வானொலியின் வருகை

1967 இல் சனாதிபதி ஜோன்சன் பொது ஒலிபரப்புச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அதற்கு வித்திட்ட ஆணைக்குழுவின் அறிக்கை தொலைக்காட்சியை மட்டுமே கருத்திற் கொண்டது. வானொலி பிற்பாடே சட்டத்தினுட் சேர்க்கப்பட்டது. இவ்வாறு பின்கதவால் நுழைந்த பொது வானொலியே, விளம்பர வருவாய்க்காகப் பெரிய நிலையங்கள் கைவிட்டுக்கொண்டிருந்த நேரடி இசைநிகழ்ச்சியைக் கையேற்றது என்பது அவதானிக்கத்தக்கது.

1974 மார்ச்சில் ஒப்ரி நிகழ்ச்சி பழைய றைமன் மண்டபத்தை விட்டுப் புதிய அரங்கிற்குப் பெயர்ந்தது. அந்நிகழ்வைப் பற்றிச் சஞ்சிகையொன்றுக்கு எழுதச் சென்ற கரிசன் கீலர் என்னும் எழுத்தாளர், அதே ஆண்டு ஜூலை 6 ஆம் நாள் மினசோட்டா பொது வானொலியில் 'பிரெய்ரி ஹோம் கொம்பானியன்' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கினார். முதல் நாள் மண்டபத்தில் இருந்தோர் பத்துப் பன்னிருவரேயாவர். மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் பாடிய பழைய மரபினை எள்ளுவதுபோல், உலகிலேயே இல்லாத பிஸ்கற் ஒன்றுக்கு அவர் விளம்பரம் சொன்னார். அந்நகையினூடே ஓர் உண்மை ஒளிந்திருந்தது: இம்மேடையில் விற்பதற்கு ஒன்றுமில்லை. 1980 முதல் இந்நிகழ்ச்சி நாடெங்கும் கேட்கப்பட்டது.

இதனினும் எமது பொருளுக்கு நெருங்கியது மேற்கு வேர்ஜீனியாவின் 'மவுண்டன் ஸ்ரேஜ்' என்னும் நிகழ்ச்சியாகும். நிலக்கரிச் சுரங்கங்களால் அறியப்பட்ட அம்மலைநாட்டு மாநிலத்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம், 1983 டிசம்பரில் இதனைத் தலைநகர் சாள்ஸ்ரனில் முறையாகத் தொடங்கியது. அன்டி றைடனோர், பிரான்சிஸ் பிஷர் ஆகியோருடன் இதனைத் தொடக்கிய லாரி குறோஸ் என்னும் பாடகர், 2021 வரை இதனை நடத்தினார். அதன்பின் அம்மாநிலத்திலேயே பிறந்த பாடகி கதி மற்றியா அப்பொறுப்பை ஏற்றார். இரண்டு மணி நேர நிகழ்ச்சியிற் பெரும்பாலும் ஐந்து கலைஞரோ குழுக்களோ பங்குகொள்வர். மலைநாட்டுப் பிடில்காரர், புளூஸ் பாடகர், பிறநாட்டு இசைஞர், இளம் பாடலாசிரியர் ஆகியோர் ஒரே மாலையில் ஒரே மேடையேறுவர். 1991 இல் உலகப் புகழ்பெற்ற றொக் குழுவாகிய ஆர்.ஈ.எம். கூட இங்கு வந்து பாடிற்று. நிறைவில் யாவரும் கூடி ஒரு பாடலைப் பாடுவது வழக்கம். பேற் போன்றோர் வேடம் புனைய நேர்ந்த நிலையும், பெய்லி போன்றோர் விலக்கப்பட்ட நிலையும் இங்குக் கொள்கையளவிலேனும் கடக்கப்பட்டுள்ளன எனலாம். ஒரு கலைஞன் தன் ஊர் உடையணிந்து வரவேண்டியதில்லை. அவன் பாட்டே போதும்.

4. குறையும் கேள்வியும்

எனினும் பொது வானொலியைக் குற்றமற்றதாகக் காட்டுவது ஆய்வாகாது. அதன் கேட்போருட் பெரும்பாலோர் கல்வியிற் சிறந்த நடுத்தர வகுப்பினர். சுரங்கத் தொழிலாளியின் துயர் பாடப்படும்போது கைதட்டுவோர் சுரங்கத்தைக் கண்டிராதோராயிருத்தல் கூடும். வணிகர் கிராமத்தானின் உடையை விரும்பினரெனில், கற்றோர் அவனது 'தூய்மையை' விரும்புகின்றனர். இரண்டுமே அவனை மாறாதவனாக நிற்கச் சொல்லும் அபாயம் உடையன. மவுண்டன் ஸ்ரேஜ் போன்றவை அந்த அபாயத்தினின்று பெரிதும் தப்பியமைக்குக் காரணம், அவை பழையதையும் புதியதையும் அருகருகே நிறுத்தியமையேயாகும்.

மேடைகளின் ஆயுளும் நிலையானதன்று. கீலர் 2016 இல் விலகியபின் கிறிஸ் தீல் என்னும் மண்டலின் கலைஞர் நடத்திவந்த அந்நிகழ்ச்சி, பின்னர் வேறு பெயர் பெற்று, பெருந்தொற்றினால் அவை கூடுதல் நின்றுபோன 2020 ஜூனில் முடிவுற்றது. மேற்கு வேர்ஜீனியாவில் 2017 இல் மாநில ஆளுநர் தமது வரவுசெலவுத் திட்டத்தில் பொது ஒலிபரப்புக்கான மாநில நிதியை முற்றாக நீக்க முன்மொழிந்தார்; மக்களின் எதிர்ப்பினால் அவ்வாறு நிகழவில்லை. ஆனால் 2025 ஜூலையில் காங்கிரஸ் சபை, இரண்டு ஆண்டுகளுக்கென முன்னரே ஒதுக்கிய ஏறத்தாழ 110 கோடி டொலரை மீளப் பெற்றுக்கொண்டது. 1967 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவான பொது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தன் பணிகளை முடிவுக்குக் கொண்டுவருவதாக அடுத்த மாதமே அறிவித்தது. இதனாற் கூடிய தாக்கமுறுவன நகரத்துப் பெருநிலையங்களல்ல. செல்வர் நன்கொடையைப் பெரிதாக எதிர்பார்க்க முடியாத சிற்றூர், மலைநாட்டு நிலையங்களேயாம். வேரிசையின் பிறப்பிடங்களும் பெரும்பாலும் அவ்விடங்களே.

நாம் எழுப்பிய வினாவிற்கு இவ்வரலாறு தரும் விடை நேரியதன்று. பணம் தருவோர் வேர் எதுவெனத் தீர்மானிக்க முயல்வது உண்மையே. ஆயினும் ஒவ்வொரு முறையும், மேடைக்கு வந்த மனிதர் அத்தீர்மானத்தை ஓரளவேனும் மீறியே வந்துள்ளனர். ஒரு மணி நேரம் போதாதென்ற முதியவரும், மூன்று விரல்களால் அவையை எழுப்பிய இளைஞரும், வரலாறு மறந்த பின்னரும் அந்நிகழ்ச்சியின் பெயருக்குள் மறைந்து வாழ்ந்த பெய்லியும் இதற்குச் சான்று. அத்தகைய மீறலுக்கு வேண்டியன ஒரு மேடை, ஓர் ஒலிவாங்கி, கேட்க வந்த சிலர் ஆகிய மூன்றுமே. இவற்றை அழிப்பது எளிது. அழிந்தபின் ஆக்குவது அரிது. மக்கள் இசையைச் சேகரித்து அச்சேற்றுவதோடு தம் கடன் முடிந்ததெனக் கருதும் ஆய்வாளர் எந்நாட்டினராயினும், இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.