போடி இலவம்பஞ்சுக்கும் வவ்வாலுக்கும் என்ன சம்பந்தம்?

போடிநாயக்கனூர்னு சொன்னதும் முதலில் ஏலக்காய் வாசனை. அடுத்தது இலவம்பஞ்சு மெத்தை. ஏலப்பூவில் மகரந்தம் சேர்ப்பது தேனீ. இலவம்பூவுக்கு?

முக்கியமாக வவ்வால்தான். இலவமரம் இலையை உதிர்த்துவிட்டு ராத்திரியில் பூ விரிக்கும். தேன் குடிக்க வரும் வவ்வாலின் முகத்தில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும். மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 2005-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். வரும் விருந்தாளிகளில் பெரிய பழந்தின்னி வவ்வாலும் உண்டு. இறக்கையை விரித்தால் நாலு அடி இருக்கும்!

இது குகையில் தங்காது. பகல் முழுக்க ஆல், மருது போன்ற உயர்ந்த மரங்களில், பெரும்பாலும் தண்ணீர் பக்கமாக, கூட்டமாகத் தொங்கும். வெயில் ஏறினால் இறக்கையால் விசிறிக்கொள்ளும். எச்சிலை உடம்பில் பூசிக்கொள்ளும். ஆற்றில் வயிற்றை நனைத்து, ரோமத்தை நக்கித் தாகம் தீர்க்கும். நிழல் போனால் என்ன ஆகும்? 2018 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் பகுதியில் அடித்த வெப்ப அலையில் 20,000-க்கும் மேற்பட்ட பழந்தின்னிகள் செத்து விழுந்தன. ஒரு தாய் வருடத்துக்குப் போடுவதே பொதுவாக ஒரு குட்டிதான். இழப்பை ஈடுகட்ட எத்தனை வருடம் ஆகும்னு பாருங்க.

அதே ஆஸ்திரேலியாவில், மேனிங் ஆற்றங்கரையில் 'விங்ஹாம் பிரஷ்' என்ற சின்ன மழைக்காடு இருக்கிறது. வெளிநாட்டுக் கொடிகள் ஏறி மரங்களை அமுக்கிக்கொண்டிருந்தன. வவ்வால்கள் தங்கும் காடு அது. 1980-களில் மீட்பு வேலை தொடங்கியது. மரத்தில் ஏறிய கொடியை முதலில் அறுத்தார்கள். தரைக் களையை அவசரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். காடு பெரும்பாலும் தானே முளைத்தது. நம்ம பக்கம் வால்பாறையில், தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் காட்டுத் துண்டுகளில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை 20 வருடங்களுக்கு மேலாக நாட்டு மரக்கன்றுகளை நட்டு வருகிறது.

குரங்கணி மலையில் இறங்கி போடியைத் தொட்டு ஓடும் கொட்டகுடி ஆற்றங்கரைக்கும் இது பொருந்தும். நீர்மருது, அத்தி, நாவல், புங்கம் எல்லாம் இந்தக் கரைக்கே உரிய மரங்கள். 'சீக்கிரம் வளருதே'ன்னு சில்வர் ஓக் வைத்தால் அகலக் கிளையும் கிடைக்காது, பழமும் கிடைக்காது. ஆனால் இன்று வைக்கும் மருதங்கன்றில் வவ்வால் தொங்க சில பத்தாண்டுகள் ஆகும். அதுவரை, ஏற்கெனவே நிற்கிற கிழட்டு மரங்களை விட்டால் கதி இல்லை. கரையைச் சுத்தப்படுத்துகிறோம் என்று அவற்றையே முதலில் வெட்டுவதுதான் வேடிக்கை.

சட்டமும் இத்தனை நாள் கைகொடுக்கவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, பழந்தின்னியை எலி, காக்கையோடு சேர்த்து 'தீங்குயிரி' பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே போனது.

சரி, நிபா? பயம் நியாயமானது, வைரஸ் இந்த வவ்வாலிடம் இருப்பது உறுதி. கேரளா பக்கத்திலேயே இருக்கிறது. அணில், வவ்வால் கடித்த பழத்தைத் தொடாதீர்கள், அடையும் மரத்தடியில் விழுந்ததைப் பொறுக்காதீர்கள். மரத்தை வெட்டி விரட்டினால் கூட்டம் காணாமல் போய்விடாது. ஊருக்குள் இருக்கும் அடுத்த புளியமரத்துக்கு வந்து சேரும்.