ஏலக்காயை ஆராய்ந்தாயிற்று, எடுப்பவரை?

போடிநாயக்கனூருக்கு ஏலத்துக்கு வரும் ஏலக்காய்க்குப் பரீட்சைகள் அதிகம். காய் எட்டு மில்லிமீட்டர் தேறுமா, பச்சை மங்கியிருக்கிறதா, ஒரு லிட்டர் அளந்தால் எத்தனை கிராம் நிற்கும் என்று வியாபாரிகள் கையில் உருட்டிப் பார்க்கிறார்கள். கப்பல் ஏறும் சரக்கு என்றால் பூச்சிமருந்தின் மிச்சம் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று ஆய்வகமும் கணக்குப் பார்க்கும். மருத்துவ ஆராய்ச்சியாளர்களும் இந்தக் காயை விட்டுவைக்கவில்லை. இதயத்துக்கு இது நல்லதா என்ற கேள்வியோடு பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

அதிகம் பேசப்படுவது உதய்பூரில் நடந்த ஓர் ஆய்வு. 2009இல் வெளியானது. ரத்த அழுத்தம் புதிதாகக் கண்டறியப்பட்ட, ஆரம்ப நிலையில் இருந்த 20 பேருக்குத் தினமும் 3 கிராம் ஏலக்காய்த் தூள் 12 வாரம் கொடுத்தார்கள். ரத்த அழுத்தம் இறங்கியது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் உடலின் திறனும் கூடியது. கொழுப்பில் பெரிய மாற்றம் இல்லை. 2015இல் டெல்லி எய்ம்ஸ் மருந்தியல் துறையினர் இடம்பெற்ற குழு ஒன்று எலிகளுக்கு 30 நாள் ஏலக்காய்ச் சாறு கொடுத்துவிட்டு, இதயத் தசையைச் சிதைக்கும் ஐசோபுரோட்டெரினால் என்ற மருந்தை ஊசியாகச் செலுத்தியது. ஏலக்காய் சாப்பிட்ட எலிகளின் இதயத்துக்குச் சேதம் குறைவாக இருந்தது. இடது கீழறை சுருங்கி விரியும் வேகமும் அவ்வளவாகக் கெடவில்லை.

இரண்டும் நேர்மையான முயற்சிகள் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒன்று இருபது பேரை வைத்துச் செய்தது, மற்றது எலியை வைத்துச் செய்தது. 3 கிராம் என்பது ஏறக்குறைய 15 காய். டீயில் தட்டிப்போடும் ஒரு காயோடு அதை ஒப்பிட முடியாது. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஏலக்காய் மெல்லலாம் என்று இதை வைத்து யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாத்திரை நின்றால் அழுத்தம் ஏறும். அது இதயத்தோடு நிற்காது, சிறுநீரகத்தையும் தின்னும்.

இந்த இரண்டு உறுப்புகளும் பிரிக்க முடியாதவை. இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, கைப்பிடி அளவே உள்ள இரண்டு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஒவ்வொன்றிலும் நெஃப்ரான்கள் என்ற நுண்வடிகட்டிகள் சுமார் பத்து லட்சம். ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. இதயம் தளர்ந்தால் இந்த ஓட்டம் குறைந்து சிறுநீரகம் வாடும். சிறுநீரகம் கெட்டாலோ உடலில் நீரும் உப்பும் தேங்கும், அழுத்தம் ஏறும், ரத்தசோகை வரும், இதயச் சுவர் தடிக்கும், பொட்டாசியம் கூடித் துடிப்பே தடம் புரளும். சிறுநீரக நோயாளிகளில் பலரை டயாலிசிஸ் படுக்கைக்குப் போகும் முன்பே இதயம்தான் சாய்த்துவிடுகிறது. மருத்துவர்கள் 2008 முதல் இந்த உறவை ஐந்து வகையாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். இத்தாலியச் சிறுநீரக மருத்துவர் கிளாடியோ ரோங்கோ வகுத்த பிரிவு அது.

இதில் கொடுமை என்னவென்றால், சிறுநீரகம் கெடும்போது வலிக்காது. பாதித் திறன் போகும் வரை, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின்கூட ரத்தத்தில் பெரிதாக ஏறாது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஒருவர் டாக்டரிடம் வரும்போது காலம் கடந்திருக்கும்.

இனி ஏலக்காயை எடுப்பவர்களுக்கு வருவோம். போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பஞ்சோலை என்று கேரளத்தின் ஏலத்தோட்டங்கள். காய் காய்க்கும் சரம் தரையோடு கிடப்பதால், ஒவ்வொரு தூராகக் குனிந்தும் குத்தவைத்தும்தான் காய் எடுக்க வேண்டும். பெரும்பாலும் பெண்கள். தோட்டத்தில் கழிப்பறை இருக்காது என்று தெரிந்தவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் இடுப்பு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள், உடலில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைப்பவை.

மருந்தடிக்கும் ஆண்களின் நிலை வேறு. ஏலச்செடியில் தண்டுதுளைப்பானுக்கும் இலைப்பேனுக்கும் குயினால்பாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் பல காலமாகத் தெளிக்கப்படுகின்றன. இவை நரம்பின் கட்டளையை முடித்துவைக்கும் கோலினெஸ்ட்ரேஸ் நொதியை முடக்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பு தளரும், தாளம் கெடும். அந்த நொதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ரத்தத்தில் பார்த்துவிடலாம். காயில் ஒட்டிய மருந்தை அளக்க முடிகிற நாம், அடித்தவர் ரத்தத்தையும் அளக்க வேண்டாமா? காய் உலர்த்தும் ஸ்டோர்களில் வேலை செய்கிறவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். வெளியே மலைக்குளிர் அடித்தாலும் உள்ளே 45 டிகிரிக்கு மேல் கொதிக்கும்.

ஏலமலையில் சிறுநீரக நோய் பெருகியிருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. பார்த்தால்தானே தெரியும். பார்த்த இடங்களில் தெரிந்திருக்கிறது. எல் சால்வடோர், நிகராகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாத இளைஞர்களின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. இலங்கையில் அனுராதபுரம் மாவட்ட நெல் விவசாயிகளுக்கு 1990களிலிருந்து இதே கதி. வெப்பமா, தண்ணீரா, பூச்சிமருந்தா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நம்மூரிலேயே, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழக உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்து 2023இல் முடிவை வெளியிட்டது. பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைத்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. அங்கேயும் கழிப்பறை இல்லாத குறை பெரிதாகப் பேசப்பட்டது. உப்பளத்து வெயில் ஏலக்காட்டு நிழலில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அடக்கிவைத்த தாகத்துக்கு வெயில், நிழல் என்ற பேதம் கிடையாது.

இதற்கெல்லாம் புதிய ஆராய்ச்சி நிலையம் கட்ட வேண்டியதில்லை. செடிக்கு வரும் நோயை ஆராய மயிலாடும்பாறையிலும் பாம்பாடும்பாறையிலும் நிலையங்கள் இருக்கின்றன. மனிதருக்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இலிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தால், மாரடைப்போடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் கிடைக்கின்றன. மலையிலிருந்து மதுரை வரை போக வேண்டிய ஒருவருக்கு இது உயிரைக் காக்கும்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. ஜீப் கிளம்பும்போது சுகாதார நிலையத்தில் ஓ.பி. திறந்திருக்காது; திரும்பும்போது மூடியிருக்கும். ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போச்சு. குடும்ப அட்டை தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில் என்பதால், தொழில்சார்ந்த நோய்க் கணக்கில் இவர்களை எந்த மாநிலம் எழுதிக்கொள்வது என்ற குழப்பம் வேறு. ஆகவே சோதனைதான் ஜீப் நிற்கும் இடத்துக்கு வர வேண்டும். ஆனி, ஆடியில் காய் எடுப்பு தொடங்கும் முன் ஒருமுறை, தை, மாசியில் முடியும்போது ஒருமுறை, அதே ஆட்களுக்கு ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் பார்க்க வேண்டும். மருந்தடிப்பவர்களுக்குக் கோலினெஸ்ட்ரேஸும் பார்க்க வேண்டும். இரண்டு மாநிலச் சுகாதாரத் துறைகளும் பட்டியலைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். செலவைத் தோட்ட உரிமையாளர்களும் வாசனைப் பொருள் வாரியமும் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒரு சீசன் செய்து பார்த்தால், அடுத்த ஆடிக்குள் போடியில் யாருக்கு முதலில் வைத்தியம் வேண்டும் என்று பெயரோடு தெரிந்துவிடும்.